யாருடைய மெஷின்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானிய, பிரெஞ்சு, ஜெர்மன் கம்பெனிகளைப் பார்த்துப் பழகிவிட்டோம். நாளைக்கே மெஷின் பொருத்த வந்த இத்தாலிக்காரர் ஒருவர், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் 'லா சுவா மாக்கினா' ரிப்பேர் என்றால்? அவனுடைய மெஷினா, அவளுடையதா, மரியாதையாக 'உங்கள் மெஷின்' என்கிறாரா? மூன்றுமே ஆகலாம்! போதாததற்கு, மாக்கினா என்றால் காரும்தான். யார் தலை உருளுமோ!

நாம் உடைமைக்காரரைப் பார்த்து 'அவன்', 'அவள்' என்கிறோம். இத்தாலிய மொழியில் பொருளின் பால்தான் கணக்கு. மாக்கினா பெண்பால், அதனால் 'சுவா'. புத்தகமாகிய லிப்ரோ ஆண்பால். வைத்திருப்பது பெண்ணே ஆனாலும் 'இல் சுவோ லிப்ரோ'தான்.

முன்னால் நிற்கும் அந்த 'இல்', 'லா' எல்லாம் நெருங்கிய உறவென்றால் கழன்றுகொள்ளும். என் அப்பா, வெறும் 'மியோ பாத்ரே'. சகோதரர்கள் என்று பன்மையானால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்: 'இ மியேய் ஃப்ராதெல்லி'.

உறவுக்குத் தனிச் சலுகை நம்மிடமும் உண்டு. 'என் பைக்' என்பவர், ஒரே பிள்ளையானாலும் 'எங்க அப்பா' என்பார். பழந்தமிழில் எந்தை என்றால் என் அப்பா, நுந்தை உன் அப்பா, தந்தை அவன் அப்பா. பிறகு தந்தை பொதுச்சொல்லாகி, இன்று கூச்சமில்லாமல் 'என் தந்தை' என்கிறோம். யாய், ஞாய், தாய் கதையும் அதேதான்.