எம்போரியம் என்றால் கடையா, ஊரா?



நம்ம ஊர் கடைத்தெருவில் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். ஸ்டோர்ஸ், டிரேடர்ஸ், ஏஜென்சீஸ், மார்ட் என்றுதான் வரும். டீக்கடை, பெட்டிக்கடை மட்டும் பாவம், கடையாகவே இருக்கு. மதுரைப் பக்கம் போனால் துணிக்கடை பெரிசாகி 'எம்போரியம்' ஆகிவிடும். இந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எம்போரியம் இங்கிலீஷ்காரர்களின் சொந்தச் சொல் இல்லை, கிரேக்கச் சொல். 'போரோஸ்' என்றால் வழி. ஊர்விட்டு ஊர் போகும் வியாபாரி 'எம்போரோஸ்'. அந்த வியாபாரிகள் கூடுகிற துறைமுகம் 'எம்போரியோன்'. அது லத்தீனுக்குப் போய், பிறகு இங்கிலீஷுக்கு வந்து எம்போரியம் ஆனது. ஆக, முதலில் அது ஒரு கடை இல்லை, ஒரு பட்டினமே! ஸ்பெயின் கடற்கரையில் கிரேக்கர்கள் அமைத்த ஊர் ஒன்றுக்குப் பெயரே எம்போரியோன்தான்.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி என்பவர் எழுதிய புவியியல் நூலில் நம் கடற்கரை ஊர்களும் இருக்கின்றன. 'கபேரிஸ் எம்போரியோன்' என்று அவர் எழுதியது காவிரிப்பூம்பட்டினம். 'பொதுகே எம்போரியோன்' புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேடு என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நம்ம மாவட்டத்திலேயே வைகை கடலில் சேரும் இடத்தருகே அழகன்குளம் இருக்கிறதே, அங்கே 1986 முதல் நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. அதுவும் எம்போரியோன் மாதிரி ஊராகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இன்னொரு வேடிக்கை. 1973-இல் தொடங்கிய நம் அரசின் கைத்தொழில் வளர்ச்சிக் கழகம் தன் கடைகளுக்கு வைத்த பெயர் பூம்புகார். எம்போரியம் என்று கிரேக்கர் சொன்ன ஊரின் பெயரே எம்போரியத்துக்குப் பெயராக வந்துவிட்டது!

பிற மொழிச் சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியரிடம் இருந்து வந்தவை. அதையெல்லாம் நாம திருப்பிக் கொடுக்கவா முடியும்? ஆனால் கடையைக் குறிக்கச் சொல் இல்லாமல் நாம் தவிக்கவில்லை. மதுரையில் பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி இருந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. கன்னடக்காரர்கள் இன்றைக்கும் கடையை 'அங்கடி' என்றுதான் சொல்கிறார்கள், கூச்சப்படுவதில்லை. நாமோ 'ஷோரூம் வச்சிருக்கார்' என்றால் பெரிய ஆள், 'கடை வச்சிருக்கார்' என்றால் சின்ன ஆள் என்று ஆக்கிவிட்டோம். பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 'எம்போரியம்' என்று தமிழ் எழுத்தில் எழுதினால் எழுத்து தமிழ்தான், சொல்?

எங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடக்கிறது. அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பலகை மாற்ற வேண்டும். "ஸ்டோர்ஸ்னு போடுப்பா, அப்பத்தான் ஆளுக வருவாக" என்கிறார் பெரியப்பா. "ஸ்டோர்ஸ்னு போட்டா கடன் கேக்கவாவது யோசிப்பாக" என்கிறார் அம்மா. அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, சிரிக்காதீர்கள். ஆனாலும் என் ஓட்டு 'பலசரக்குக் கடை'க்குத்தான். நாங்கள் மூணு பேரும் படிப்பது அந்தக் கடை வருமானத்தில். "உங்கப்பா என்ன செய்றார்?" என்று கேட்டால் 'பிசினஸ்' என்று முனகுகிற பிள்ளைகள் நம் வகுப்பிலேயே உண்டு. அவர்களிடம்தான் கேட்கிறேன்: கடை என்று சொல்ல என்ன வெட்கம்? பெயின்டர் இன்னும் வரவில்லை, பலகை வெள்ளையடித்து அப்படியே சாத்தி வைத்திருக்கிறது.

அடுத்து நம் பள்ளி ஆண்டு விழா வருகிறது. நோட்டு, பேனா, கடலை மிட்டாய் விற்கிற மேஜையில் வழக்கமாக 'ஸ்டால்' என்று எழுதி ஒட்டுவோம். இந்தத் தடவை 'அங்காடி' என்று எழுத ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது நான். கலர் பேனா மட்டும் யாராவது கொண்டு வாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கமுதி