கல் விளையும் ஊரில் கண்ணாடித் தரை எதற்கு?

ஓசூரில் இப்போது எழும்பும் வீடுகளில், நான் பார்த்தவரை, கூடத்தில் போடும் அதே பளபளப்பு டைல்ஸைத்தான் பால்கனியிலும் போடுகிறார்கள். கேட்டால், "ஒரே லுக்கா இருக்கும் சார்" என்கிறார்கள். வீட்டில் வயதானவர்கள் நடமாடுகிறார்கள் என்பதையே மறந்துவிட்டுச் செய்கிற வேலை இது.

நம் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. சாரல் அடித்தால் பால்கனி நனையத்தான் செய்யும். பாலிஷ் டைல்ஸில் தண்ணீர் நின்றால் கால் பிடிக்காது. எழுபது வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் செய்யும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் செய்யப்படுவது. அங்கிருந்து இங்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல். நம் கிருஷ்ணகிரிக் கல்லோ 'பாரடைஸோ' என்ற பெயரில் கப்பலேறி வெளிநாடு போகிறது!

"கல்லுக்காக மலையைக் குடையலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பால்கனிக்குப் புதுப் பலகை எதற்கு? அறுப்பு ஆலைகளில் மிஞ்சும் துண்டுக் கல்லே போதும். பாலிஷ் போட்டதை வாங்காதீர்கள். தீயைக் காட்டி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய 'ஃபிளேம்டு' கல்லாகக் கேளுங்கள். மேற்கு வெயில் விழும் பால்கனி என்றால் வெளிர் நிறமாகப் பாருங்கள். கறுப்புக் கல் காலைச் சுடும்.

டைல்ஸ்தான் வேண்டும் என்றால் மேட் ஃபினிஷ் வாங்குங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. அதனால் வெறும் சிமென்ட் அதைச் சரியாகப் பிடிக்காது. டைல்ஸ் பசை போட்டுத்தான் ஒட்ட வேண்டும். வெயிலில் விரிய இடைவெளியும் விட வேண்டும்.

எதைப் போட்டாலும் வாட்டம் முக்கியம். 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். "கல்லு போட்டா தண்ணி இறங்காது" என்று மேஸ்திரி சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் இணைப்புகளின் வழியே இறங்கும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும், கீழ்வீட்டுக் கூரை பெயரும். வாட்டர்புரூஃபிங் செய்து, 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே தரை போட விடுங்கள்.

சாவி வாங்கும் அன்று பால்கனியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அது ஓட்டை பார்த்து ஓடுகிறதா, வாசற்படி பக்கம் வருகிறதா என்று பாருங்கள். கடைசித் தவணைப் பணம் அதுவரை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.