கதையைச் சொல்லிவிட்டோம், படம் எங்கே?

நாம் சிற்றிதழ்களில் எழுதும் திரைப்பட விமர்சனங்களைத் திரட்டிப் படித்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். மூன்று பக்கம் கதைச்சுருக்கம், அரைப்பக்கம் சமூகப் பின்னணி, கடைசி வரியில் 'ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் சிறப்பு' என்றொரு நற்சான்றிதழ். கவிதையைப் பற்றி எழுதிவிட்டு 'சொற்களும் நன்றாக உள்ளன' என்று ஒருவர் முடித்தால் சிரிக்கமாட்டோமா?

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை (1955) எடுத்துக்கொள்வோம். அதன் வறுமையைப் பேசுகிறோம்; விபூதிபூஷணின் நாவலோடு ஒப்பிடுகிறோம். ஆனால் நம்மை உடைத்த அந்தக் கணம் எதனால் ஆனது? மகள் துர்கா இறந்ததை அறியாமல் ஊர் திரும்பும் ஹரிஹர், அவளுக்கென வாங்கிவந்த சேலையை மனைவியிடம் நீட்டுகிறார். அதுவரை இறுகிக் கிடந்த சர்வஜயா வெடித்து அழுகிறாள். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அவ்விடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பிசைக் கருவியின் உச்ச ஸ்தாயியை வைத்தார் ராய். குரல் கேட்டிருந்தால் அது ஒருத்தியின் அழுகை. கேளாததால் அதற்கு எல்லை இல்லை. இதை எந்தக் கதைச்சுருக்கத்தில் அடக்குவது?

"தொழில்நுட்பம் தொழிலாளர் வேலை, நமக்கு உள்ளடக்கம் போதும்" என்பார்கள் நண்பர்கள். சோவியத் ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் ஒரே நடிகரின் சலனமற்ற முகத்தை ஒருமுறை சூப்புத் தட்டுடனும், இன்னொருமுறை சவப்பெட்டியுடனும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டதாக அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதியிருக்கிறார். முகம் மாறவில்லை, வெட்டு மாறியது. அப்படியானால் உள்ளடக்கம் எங்கே இருக்கிறது நண்பர்களே?

இந்த அலட்சியத்தின் விலை சிறிதன்று. நல்ல நோக்கத்தோடு மோசமாக எடுக்கப்பட்ட படங்களை நாம் காவியமாக்குகிறோம். காட்சியாலும் மௌனத்தாலும் சிந்திக்கும் இயக்குநரை 'கதையே இல்லை' என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். இலக்கியம் படித்த கண்கள் என்று பெருமை பேசிக்கொண்டு, அந்தக் கண்களை மூடிக்கொண்டே படம் பார்க்கிறோம்.

கலைச்சொற்களை அடுக்குவதும் இதற்கு மாற்றல்ல. ஷாட், சட்டகம், படத்தொகுப்பு, ஒலி என்பவை மனப்பாடம் செய்வதற்கான பட்டியல் அல்ல, வாசிப்பதற்கான மொழி. அடுத்த விமர்சனத்தில் கதையை இரண்டு வரியில் முடிப்போம். பிறகு ஒரேயொரு வெட்டை எடுத்துக்கொண்டு, அது ஏன் அங்கே விழுந்தது என்று எழுதிப் பார்ப்போம். முடியவில்லையென்றால், அந்தப் படத்தை நாம் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.