பேய் வந்தாச்சு... பட்ஜெட் ரூ.2,000!

போன வாரம் அரியர் எக்ஸாம் சோகத்தைப் பாடின அதே ஆள்தான். இந்த வாரம் டைரக்டரா வந்திருக்கேன். கை தட்டுறவங்க தட்டிக்கலாம்!

செமஸ்டர் லீவு. தென்காசியில சாரல் சீசன். வெளியூர்க்காரங்க எல்லாம் ஐந்தருவியில வரிசைகட்டி நிக்க, உள்ளூர்க்காரங்களான நாங்க அஞ்சு பேரும் பேய்ப் படம் எடுக்கக் கிளம்பினோம். ஆளுக்கு 400 ரூபாய், மொத்தம் 2,000. ஸ்டாண்டு வாடகை 500, டார்ச் லைட் ரெண்டு 360, ரத்தம் 90. மிச்சம் 1,050 எங்கேன்னு கேக்குறீங்களா? பிரானூர் பார்டர் பரோட்டாக் கடையில! யூனிட்டுக்குச் சோறு போடாத புரொடியூசர் உருப்பட்டதா சரித்திரம் உண்டா பாஸ்?

'இந்தக் காசுல பேயா? ஒரு கொசுகூட வராது'னு சிரிக்காதீங்க. அமெரிக்காவுல 1978-ல சாம் ரெய்மினு ஒருத்தர், நம்ம வயசுல, கூட்டாளிகளைச் சேர்த்துக்கிட்டு 'வித்தின் த உட்ஸ்'னு அரை மணி நேரப் படம் எடுத்தார். செலவு சுமார் 1,600 டாலர். அதைப் போட்டுக் காட்டித்தான் 'ஈவில் டெட்' எடுக்கப் பணம் திரட்டினாங்க. அதுல கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு காட்டுக்குள்ள விரட்டிட்டு வருமே... அதுக்கு டிராலி, கிரேன் எதுவும் கிடையாது. ஒரு மரப்பலகையில கேமராவைக் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்காங்க!

ஸ்வீடன்ல டேவிட் சாண்ட்பெர்க் 2013-ல 'லைட்ஸ் அவுட்'டைத் தன்னோட வீட்டுலயே எடுத்தார். நடிச்சது அவர் மனைவி. மூணு நிமிஷம்கூட ஓடாது. லைட்டை அணைச்சா உருவம் நிக்கும், போட்டா இருக்காது. அவ்ளோதான் கதை. அது 2016-ல ஹாலிவுட் படமாவே வந்துடுச்சு. இங்கே நம்ம கார்த்திக் சுப்புராஜ் சாஃப்ட்வேர் வேலையில இருந்து, 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில குறும்படம் எடுத்து, 2012-ல 'பீட்சா'வுக்கு வந்தார். அதுல பாதிப் பயம் எங்கே இருக்கு? ஒரு வீடு, ஒரு டார்ச் லைட், விஜய் சேதுபதி முகம். தீர்ந்தது!

சரி, எங்க காமெடிக்கு வாங்க.

முதல் நாள், ரத்தத்துக்கு ரோஸ் எசன்ஸும் சர்க்கரைப் பாகும் கலந்தோம். கேமராவுல பார்த்தா ரோஸ் மில்க் கொட்டின மாதிரி இருக்கு. பத்தே நிமிஷத்துல எறும்பு வந்து, எங்க பேய் வேட்டியை உதறிக்கிட்டு ஓடுச்சு. லொகேஷன் இலஞ்சியில என் ஆச்சியோட ஓட்டு வீடு. "ஏல, விளக்கு வெச்ச நேரத்துல என்னல கூத்து?"னு ஆச்சி போட்ட சத்தம் இருக்கே... ஒரிஜினல் பேயே ஓடியிருக்கும்.

ரெண்டாவது நாள், அருவிப் பக்கம் போய் டயலாக் எடுத்தோம். கேட்டா வெறும் 'ஹோ...'தான். எங்க சவுண்டு இன்ஜினீயர் ஈசிஇ படிக்கிறவன். "அருவிச் சத்தம் எல்லா அலைவரிசையிலயும் பரவிக் கெடக்கும் மக்கா. ஃபில்டர் போட்டா உன் குரலும் சேர்ந்து போயிடும்"னான். சிக்னல்ஸ் பேப்பர்ல அரியர் வெச்ச எனக்கு அன்னிக்குத்தான் அந்தச் சப்ஜெக்ட் புரிஞ்சுது!

அவன்தான் மூணாவது நாள் குண்டைப் போட்டான்.

எங்க ஒரிஜினல் கதை இதுதான்: அருவியில அடிச்சுட்டுப் போன ஒரு பையன், பேயா வந்து டூரிஸ்ட்டுகளை இழுக்குறான். 2024 மே 17-ல பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து, 17 வயசுப் பையன் ஒருத்தன் போனான் இல்லையா? ஜனங்க அலறி ஓடுற அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதைப் பார்த்துத்தான் நான் ஸ்கிரிப்ட் எழுதினேன். 'நிஜச் சம்பவம்'னு டைட்டில்ல போட்டா பிச்சுக்கும்னு கணக்கு வேற.

ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, "நான் வரல மக்கா"ன்னான்.

"ஏன்ல?"

"எங்க பெரியம்மா மவன் ஆத்துல போய் மூணு வருஷமாச்சு. பெரியம்மா இன்னும் ராத்திரி வாசல் லைட்டை அணைக்க மாட்டுக்காவ. வந்தா இருட்டா இருக்கும்லான்னு சொல்லுதாவ. நீ அந்த அண்ணன் மூஞ்சியில பவுடரைப் பூசி ஊரைப் பயங்காட்டச் சொல்லுத."

மூணு வருஷமா ஒரே பெஞ்ச்ல உக்கார்றோம். எனக்கு இது தெரியாது. சொல்லப்போனா, நான் கேட்டதே இல்லை.

அன்னிக்கு ஷூட்டிங் கேன்சல். பரோட்டா இருந்தும் யாரும் சாப்பிடலை. ராத்திரி பதினோரு மணிக்கு அவனே போன் பண்ணினான். "அந்த லைட்டையே வெச்சு எடுப்போமா?"னு கேட்டான்.

புதுக் கதை ஒரே பக்கம். ஒரு அம்மா தினமும் வாசல் லைட்டைப் போட்டுட்டுக் காத்திருக்காங்க. தினமும் ராத்திரி அது தானா அணையுது. ஒயரை மாத்துறாங்க, பல்பை மாத்துறாங்க. அப்பவும் அணையுது. கடைசி நாள், இருட்டுல ஒரு குரல் மட்டும் கேக்குது: "ம்மா, வந்துட்டேன். லைட்டை அணைச்சுட்டேன். நீ தூங்கு."

அம்மாவா நடிச்சது? எங்க ஆச்சிதான். ரெண்டே டேக்!

அந்தக் குரலுக்கு ஆள் தேடினோம். அவனே பேசுறேன்னுட்டான். எங்ககிட்ட ஸ்டுடியோ ஏது? கட்டில்ல உக்காந்து, தலையோட கம்பளியைப் போர்த்திக்கிட்டு, உள்ளே போனை வெச்சுப் பேசினான். எதிரொலியே இல்லாம அப்படியே காதோரம் சொல்ற மாதிரி வந்துச்சு. ஒரே டேக். ஆனா, ரொம்ப நேரம் அவன் கம்பளியை விட்டு வெளியே வரலை. நாங்களும் கூப்பிடலை.

நீங்களும் எடுக்கப் போறீங்கதானே? நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை ஃப்ரீயா தர்றேன், பிடிங்க...

* நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். 30 ஃப்ரேம்ல எடுத்தா ட்யூப்லைட் கோடு கோடா ஓட வாய்ப்பிருக்கு. 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வெச்சுக்கோங்க.

* லைட் ஆன்-ஆஃப் சீனுக்கு எக்ஸ்போஷரை லாக் பண்ணிடுங்க. இல்லேன்னா போன் தானா வெளிச்சத்தை ஏத்தி, பேயைப் பளபளன்னு காட்டிடும். ஸ்டாண்டு ஒரு இன்ச் நகரக் கூடாது.

* படத்துல பாதிப் பயம் காதுக்குள்ள இருக்கு. அதுக்கு ஒரு கம்பளி போதும்.

* ராத்திரியில அருவிப் பக்கம் கேமராவோட போகவே போகாதீங்க. கீழே வெயில் அடிச்சாலும் மேலே மலையில மழை பெய்ஞ்சா வெள்ளம் வந்துடும். ஷாட் இன்னொரு நாள் கிடைக்கும்.

* முக்கியமா, பேய் எந்த வீட்டுல இருந்து வருதுன்னு விசாரிச்சுட்டு எழுதுங்க. நமக்கு அது கதை. அந்த வீட்டுக்கு அது பேய் இல்லை, பிள்ளை!

லீவு முடிஞ்சு ஹாஸ்டல் ரூம்ல லேப்டாப்ல போட்டோம். பதினாலு பேர், ஆறு நிமிஷம். ஒருத்தன்கூட அலறலை. "பயமே இல்லையே மச்சான்"னு உதட்டைப் பிதுக்கினான் பக்கத்து ரூம்காரன். அதே ஆள் அன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து, "வராண்டா லைட்டை யாரும் அணைக்காதீங்கடா"ன்னுட்டுப் போனான். அவார்டு கிடைச்சாச்சு!

பெரியம்மாவுக்கு இன்னும் காட்டலை. பென் டிரைவ் அவன்கிட்டதான் இருக்கு. எப்போ காட்டணும், காட்டணுமா வேண்டாமாங்கிறது அவன் முடிவு.

அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரைக்கும்... லைட்டைப் போட்டே தூங்குங்க!