விளக்கு வரை நடப்போம்

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி)



சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் சுற்றுலா பற்றிய பேச்சு எழுந்தது. ஊட்டி என்றனர் சிலர். கொடைக்கானல் என்றனர் வேறு சிலர். நீர்விளையாட்டுப் பூங்காவே போதும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பேருந்துக் கட்டணம், மதிய உணவு, பெற்றோர் கையொப்பம் என்று விவாதம் நீண்டுகொண்டே போயிற்று. அப்போது எங்கள் தமிழாசிரியை, "மாடிப்படியில் நின்றால் கலங்கரை விளக்கத்தின் உச்சி தெரிகிறதே, அதில் ஏறிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். நாற்பத்திரண்டு பேரில் உயர்ந்தவை ஏழு கைகள். அவற்றுள் ஒன்று என்னுடையது என்பதில் எனக்குப் பெருமை இல்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். சென்னையில் வாழும் ஒவ்வொரு குடும்பமும், ஆண்டுக்கு ஒரு முறையேனும், சாந்தோம் ஆலயத்தின் பின்புறமிருந்து கலங்கரை விளக்கம் வரை நடந்தே போய்வர வேண்டும். காரில் அல்ல, ஆட்டோவில் அல்ல, நடந்து. தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இராது. எங்கள் பாட்டிக்கு எழுபத்தொரு வயது, முழங்கால் வலியும் உண்டு. இடையிடையே நின்று, நின்ற இடத்திலெல்லாம் யாருடனாவது பேசி, அவர் அரைமணியில் நடந்துவிட்டார். பேச்சைக் கழித்தால் கால்மணிதான்.

நடை என்றால் நம் வீடுகளில் அது அப்பாக்களின் உரிமை. மருத்துவர் சொன்னார் என்று காலையில் காலணி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அம்மா அப்போது அடுப்படியில் நிற்பார். கடற்கரைக்கு இவ்வளவு அருகில் குடியிருந்தும் என் அம்மா கடலைக் கண்டு எட்டு மாதமாயிற்று என்பது நாங்கள் புறப்பட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே என் கருத்தின் முதல் நிபந்தனை, அம்மா இல்லாமல் இந்த நடை வேண்டாம் என்பதே. அன்று ஒருவேளை இட்லியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், குடி முழுகிவிடாது.

இரண்டாவது நிபந்தனை, எந்த வழியாகப் போவது என்பது பற்றியது. சாந்தோம் நெடுஞ்சாலை வழியாகவும் போகலாம். பேருந்துகளின் புகையும் ஒலிப்பானும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். மற்றொன்று, கடலை ஒட்டிச் செல்லும் சாலை. லூப் ரோடு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அந்த வழியில் ஒரு பக்கம் மணலும் படகுகளும், மறுபக்கம் நொச்சிக்குப்பம் முதலான மீனவர் குடியிருப்புகளும் இருக்கின்றன. பறக்கும் ரயிலில் வருபவர்கள் கலங்கரை விளக்கம் என்ற பெயர்ப்பலகையை நம்பி இறங்கினால், வாசலில் விளக்கைக் காணாமல் திகைப்பார்கள். அவர்களும் கொஞ்சம் நடக்கத்தான் வேண்டும்.

விளக்கைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இப்போது நாம் காணும் சிவப்பும் வெள்ளையும் பட்டையிட்ட முக்கோணக் கோபுரம் 1977 சனவரியில் ஒளிரத் தொடங்கியது. சென்னைக்கு இது நான்காவது விளக்கு. முதலாவது 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு கட்டடத்தின் உச்சியில் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. அந்தக் கட்டடமே இன்றைய கோட்டை அருங்காட்சியகம். இரண்டாவது 1844-இல் ஏற்றப்பட்டது. அந்தக் கருங்கல் தூண் உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது, ஆனால் ஒளி இல்லை. மூன்றாவதை 1894-இல் உயர்நீதிமன்றத்தின் உயர்ந்த குவிமாடத்தின் மீதே வைத்தார்கள். நீதிக்கும் ஒளிக்கும் ஒரே கூரை! 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பலான எம்டன் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தபோது நகருக்கு விளக்காக இருந்தது அதுதான். கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. என் தம்பி ஏதாவது குறும்பு செய்தால் பாட்டி இன்றும் அவனைச் "சரியான எம்டன்" என்றுதான் திட்டுவார்.

‘கலங்கரை விளக்கம்’ என்ற சொல்லும் எண்ணிப் பார்க்கத் தக்கது. சிலப்பதிகாரத்திலேயே புகார் நகரின் கலங்கரை விளக்கம் பேசப்படுகிறது. கலம் என்றால் மரக்கலம். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலங்களைக் கூவி அழைக்கும் விளக்கு. ஒவ்வொரு விளக்கும் தனக்கென ஓர் இடைவெளியில் பளிச்சிடும். கடலில் இருப்பவர் அந்தத் துடிப்பை எண்ணியே இது இன்ன ஊர் விளக்கு என்று அறிகிறார். குரலைக் கேட்டே அம்மாவை அடையாளம் காண்பதுபோல.

இனி நான் பெருமைப்படாத செய்திக்கு வருகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, திருச்சியிலிருந்து அத்தை குடும்பத்தார் வந்திருந்தார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து அனைவரும் லூப் ரோடு வழியாக நடந்தோம். மீன் விற்கும் இடம் நெருங்கியதும் அத்தை மகள் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து நானும் பொத்திக்கொண்டேன். எனக்கு அந்த வாடை புதிதன்று. எங்கள் வீட்டில் வாரம் இருமுறை மீன் குழம்பு உண்டு. இருந்தும் பொத்திக்கொண்டேன். விருந்தினர் முன் நாகரிகம் என்று நினைத்தேன் போலும்.

"இன்னா கண்ணு, மீன் வாங்க வந்தியா, மூக்கப் பொத்திக்க வந்தியா?" என்று ஓர் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் பக்கத்தில் அமர்ந்து சங்கரா மீனைத் தராசில் இட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். என் வகுப்பில் எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளி அமரும் தோழி. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் எதற்காக எடுத்தேன் என்று நினைப்பாள், எடுக்காவிட்டால் என்ன நினைப்பாள் என்று எண்ணிக்கொண்டே கடந்துவிட்டேன். அன்று கோபுரத்தின் மேலே ஏறினேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் இன்றும் என்னால் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை அவள் எப்போதும்போலத்தான் இருந்தாள். நான்தான் இல்லை. பத்து நாட்கள் கழித்து, ஆய்வுக்கூடத்தில் இருவரும் ஒரே மேசையில் நின்றபோது மன்னிப்புக் கேட்டேன். "எங்க வாடை எங்களுக்கே தெரியும்பா" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவள் தந்தை பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். பின்னர் ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டே எனக்கு ஒன்று விளக்கினார். பகலில் விளக்கு எரியாது. ஆனாலும் கோபுரம் அவர்களுக்கு வேலை செய்கிறது. கடலில் நின்று சாந்தோம் ஆலயத்தின் கூர்ங்கோபுரமும் கலங்கரை விளக்கமும் கரையில் எப்படி எப்படி விலகித் தெரிகின்றன என்று பார்த்து, மீன் கிடைத்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்வார்களாம். கையில் வழிகாட்டும் கருவி இப்போது உண்டு. பேட்டரி தீர்ந்தால் கோபுரந்தான் என்றார். நாம் கணக்குப் பாடத்தில் முக்கோணங்களோடு போராடுகிறோம். அவர் தினமும் ஒரு முக்கோணத்தின் முனையில் அமர்ந்து வலை வீசுகிறார்.

தோழியின் பாட்டி சொன்னது வேறு கதை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை, கடல் எழுந்து வந்தபோது குப்பத்து மக்கள் ஓடி ஆலயத்தில் தஞ்சம் புகுந்தனர். நாம் அப்போது பிறக்கவில்லை. அந்தப் பாட்டிக்கோ அது நேற்று நடந்ததுபோல இருக்கிறது. கையிலிருந்த பாத்திரம் என்ன பாத்திரம் என்பதுகூட நினைவிருக்கிறது.

2023 ஏப்ரலில் இந்தச் சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று நீதிமன்ற உத்தரவின்பேரில் அகற்றப்பட்டன. மீனவ மக்கள் சாலையிலேயே படகுகளை நிறுத்திப் போராடினார்கள். 2024-இல் அங்கேயே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. சாலை ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காரில் பறந்து செல்பவருக்கு அந்தக் கூடைகள் இடையூறாகத் தெரிகின்றன. நடந்து செல்பவருக்கு அங்கே சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, வவ்வால் என்று மீன் தெரிகிறது. விற்பவர் முகம் தெரிகிறது. அந்தச் சாலை வழியாக நடக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

மறுப்புரைகளும் எனக்குத் தெரியும். வெயில் என்பார்கள், மாலையில் போகலாம். நடைபாதை சில இடங்களில் சரியில்லை என்பார்கள். உண்மை, சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும், வண்டிகள் விரைவாக வருகின்றன. மெட்ரோ ரயில் வேலையால் விளக்கின் அருகே பள்ளமும் தடுப்புமாக இருந்ததையும் நாம் பார்த்தோம். கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கடற்கரையின் அலை ஆளை இழுக்கும், குளிக்க ஏற்றதன்று. பெண்களுக்குத் தூய்மையான கழிவறை வேண்டும் என்ற குறையை மட்டும் என்னால் சமாதானம் சொல்லித் தீர்க்க முடியவில்லை. அதைச் செய்து தரவேண்டியவர்கள் செய்யவேண்டும். அதற்காக நாம் வீட்டில் அமர்ந்திருப்பது எனக்கு உடன்பாடில்லை.

பாதுகாப்புக் காரணங்களால் இந்தக் கோபுரம் நெடுங்காலம் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. 2013 நவம்பரில்தான் மீண்டும் திறந்தார்கள். நம் அக்காமார் பலர் பள்ளிப் பருவம் முழுவதும் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். ஒரு திங்கட்கிழமை விடுமுறையில் கிளம்பி, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. அன்று அப்பா வாங்கித் தந்த சுண்டல்தான் ஆறுதல்.

உள்ளே மின்தூக்கி இருக்கிறது. நம் நாட்டின் கலங்கரை விளக்கங்களில் இது மிக அரிது. ஆகவே முழங்கால் வலி என்று யாரும் தப்பிக்க முடியாது. ஒன்பதாம் தளத்தில் காட்சி மாடம். தெற்கே ஆலயத்தின் வெண்கோபுரமும் அதற்கப்பால் அடையாறு கடலில் கலக்கும் இடமும். மேற்கே மரங்களுக்கிடையே மயிலைக் கோவிலின் கோபுரம். வடக்கே மணற்பரப்பு நீண்டு துறைமுகம் வரை. இராணி மேரி கல்லூரியும் தெரியும். 1914-இல் பெண்களுக்கென்று தொடங்கிய கல்லூரி அது. 2003-இல் அதை இடிக்க எண்ணியபோது மாணவிகள் உள்ளேயே அமர்ந்து போராடிக் காத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு நம்முள் சிலர் அங்கே படிக்கப் போகலாம். மேலிருந்து ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் தமிழாசிரியை பேசிப் பார்த்தும் சென்ற ஆண்டுச் சுற்றுலா ஊட்டிக்கே சென்றது. நானும் போனேன், குளிரில் நடுங்கினேன், மகிழ்ந்தேன். இவ்வாண்டாவது ஒரு சனிக்கிழமை மாலை, வகுப்பாக அல்ல, குடும்பங்களாக இந்த நடையை வைத்துக்கொள்ள நம் சிஸ்டர் அனுமதிக்க வேண்டுமென்று இதன்வழி வேண்டுகிறேன். செலவு நுழைவுச் சீட்டும் சுண்டலும்தான்.

எங்கள் குடும்பம் காத்திருக்கவில்லை. போன மாதம் மறுபடி போனோம். இம்முறை தோழியும் உடன் வந்தாள். மாடத்தில் நின்று, தன் வீட்டுக் கூரையையும் அப்பாவின் நீலப் படகையும் அவள் என் தம்பிக்குக் காட்டினாள். அத்தனை படகுகளும் நீலம்தானே என்று அவன் வாதாடினான். அம்மா எதுவும் பேசாமல் கிழக்கே பார்த்துக்கொண்டே நின்றார். நேரமாகிறது என்று காவலர் சொல்லும் வரை அவர் திரும்பவில்லை.

பாட்டி மேலே வரவில்லை. "போன தடவையே பார்த்தாச்சு, போய்ட்டு வாங்க" என்று தோழியின் தாயாரோடு அங்காடி வாசலில் அமர்ந்துவிட்டார். நாங்கள் இறங்கித் திரும்பி நடந்து வந்தபோது, ஒரு வஞ்சிரத்தின் விலை பற்றிய பேச்சு இன்னும் முடிந்திருக்கவில்லை.