பந்தும் பணப்பையும்

உலகத்தில் பணத்தைப் பற்றி மிகத் தாராளமாகப் பேசக்கூடியவர், அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லாதவர்தான். இந்த உண்மையைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெருங்குடியில் நாம் குடியிருக்கும் கட்டிடத்தின் மொட்டை மாடியில் பிரத்தியட்சமாகக் கண்டோம்.

பேசியவர்கள் இரண்டே பேர். ஆனால் இருபது பேர் பேசுவது போல் சத்தம் கேட்டது. ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் காரியாலயத்தில் வேலை பார்க்கும் இளைஞர். மற்றவர் பாங்கியில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். வயதில் ஏணி வைத்தாலும் எட்டாது; ஆனால் இருவரும் நீலச் சட்டைக்காரர்கள். அதாவது, ‘சென்னையின் எஃப். ஸி.’ என்ற கால்பந்துக் கோஷ்டியின் அபிமானிகள். பெருங்குடியில் பறக்கும் ரயிலேறிப் பூங்கா நகரில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு ஒன்றாகவே நடப்பவர்கள். தோற்ற நாட்களில் மட்டும் தனித்தனியாகத் திரும்பி வருவார்கள்.

விவாதம் சம்பள உச்சவரம்பு பற்றியது. அறியாத நேயர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம். 2014-ல் ஆரம்பமான இந்தியன் சூப்பர் லீக் பந்தயத்தில், ஒரு கோஷ்டி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு பருவத்தில் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு ஓர் எல்லை வகுத்திருந்தார்கள். சில வருஷம் அந்த எல்லை 16.5 கோடி ரூபாயாக இருந்தது.

“காலைக் கட்டிப் போட்டுவிட்டு ஓடு என்றால் எப்படி ஓடுவது, ஐயா?” என்று கேட்டார் இளைஞர். “2024-25 பருவத்தில் 13 கோஷ்டிகளில் நமக்கு 11-வது இடம். கோல் போட நல்ல ஆள் வேண்டும். நல்ல ஆளுக்குப் பணம் வேண்டும். கொடுக்க மனசு உள்ளவனையும் கொடுக்காதே என்று தடுப்பது என்ன நியாயம்?”

“கட்டை அவிழ்த்தால் நமக்கு மட்டுமா அவிழ்ப்பார்கள், தம்பி?” என்றார் பெரியவர். “கல்கத்தாக்காரருக்கும் பம்பாய்க்காரருக்கும் சேர்த்துத்தானே அவிழ்ப்பார்கள்? பம்பாய்க் கோஷ்டியில் பெரும் பங்கை 2019-ல் வாங்கினவர்கள் யார்? இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி கோஷ்டியை நடத்துகிறவர்கள். அவர்கள் அங்கே இருந்த வரையில் அவர்களோடு மல்லுக்கு நிற்க நம்மால் ஆகியிருக்குமா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும்.”

“அளந்து போட்டு என்ன கண்டோம்? 2020-21 முதல் ஐந்து பருவங்களில் லீக் கேடயம் நாலு தடவை அந்த இரண்டு ஊர்களுக்கேதான் போயிற்று!”

“ஐந்தாவது தடவை ஜாம்ஷெட்பூருக்குப் போயிற்று. அப்போது அங்கே பயிற்சியாளர் யார்? 2020-ல் நம்மைவிட்டுப் போன ஓவன் காயில்!”

இளைஞர் ஒரு நிமிஷந்தான் பேசாமலிருந்தார். “அதே காயில் 2023-ல் நம்மிடம் திரும்பி வந்தாரே! அவர்தானே நம்மை 11-வது இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்?” என்றார்.

இப்போது பெரியவர் மௌனமானார். பிறகு இருவரும் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் எந்த விஷயத்திலும் தீர்ப்புச் சொல்லத் தயாராக இருப்பவர் என்பது ஊரில் பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க நமக்கு மனம் வரவில்லை.

நம் கோஷ்டியின் சரித்திரத்தையே முதல் சாட்சியாக எடுத்துக் கொள்வோம். 2015 டிசம்பரில் கோவாவுக்கே சென்று, கோவாக் கோஷ்டியை 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டு வந்தார்கள். 2018 மார்ச்சில் பெங்களூர்க்காரரை அவர்கள் ஊரிலேயே அதே 3-2 கணக்கில் ஜயித்தார்கள். அடுத்த பருவத்திலும் அதே ஜான் கிரெகரிதான் பயிற்சியாளர். ஆட்டக்காரர்களிலும் பலர் பழைய ஆட்களே. ஆயினும் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் பெற்றுக் கடைசி இடத்தில் விழுந்தார்கள். அதற்கு அடுத்த பருவத்தில் மறுபடி இறுதி ஆட்டம் வரையில் போய், 2020 மார்ச்சில், கொரோனாவால் வெறிச்சோடிக் கிடந்த கோவா மைதானத்தில் கல்கத்தாக்காரரிடம் 1-3 என்று தோற்றார்கள். சிகரத்திலிருந்து பாதாளம்; பாதாளத்திலிருந்து மீண்டும் சிகரத்தின் பக்கம். மூன்று பருவங்களிலும் உச்சவரம்பு இருந்தது. ஆகவே, கோஷ்டியை ஏற்றியதும் இறக்கியதும் வரம்புதான் என்று சொல்ல இடமில்லை.

ஆனால் வரம்பு எல்லாமே தர்மம் என்றும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1901-ல் ஓர் ஆட்டக்காரனுக்கு வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி செய்தார்கள். அந்த மாதிரி விதி அறுபது வருஷம் நீடித்தது. 1961-ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று கிளம்பிய பிறகே அது ஒழிந்தது. அப்போதும் எல்லை வாரத்துக்கு 20 பவுன்தான். ஆயிரக்கணக்கான ஜனங்கள் டிக்கெட் வாங்கி யாருடைய ஆட்டத்தைப் பார்க்க வந்தார்களோ, அவர்களுக்கே அந்தப் பணத்தில் உரிய பங்கு கிடைக்கவில்லை. நம் நாட்டு வரம்பு தனி மனிதனின் கூலியைக் கட்டுவதல்ல. கோஷ்டியின் மொத்தச் செலவைக் கட்டுவது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

1911-ல் மோகன் பகான் வீரர்கள், ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலுடன் ஆடி, வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கோஷ்டியைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கினார்களே, அவர்கள் சம்பளமா கேட்டார்கள் என்று சிலர் வினவலாம். அந்தப் பெருமை நம் தேசத்தின் பெருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்று பந்தாட்டம் முழு நேரத் தொழில். தொழில் செய்கிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அதையும் உரிய தேதியில் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிறது. நம் வரம்பு செலவை அளந்ததே தவிர, வரவு என்ன என்று கேட்கவில்லை. 16.5 கோடிக்குள் செலவழித்தால் குற்றமில்லை; டிக்கெட்டிலும் விளம்பரத்திலும் அதில் பாதியாவது திரும்பி வருகிறதா என்பதைப் பற்றி அந்த விதிக்குக் கவலை கிடையாது. ஐரோப்பாவில் வேறு விதமாக அளக்கிறார்கள். அங்கே கண்டத்துப் பெரிய பந்தயங்களில் ஆடும் கோஷ்டிகள், ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் ஆகும் செலவைத் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு 70-க்குள் அடக்க வேண்டும் என்று 2022-ல் விதி செய்து, படிப்படியாக அமுலுக்குக் கொண்டு வந்தார்கள். இங்கிலாந்திலோ, நஷ்டத்துக்கே ஓர் எல்லை வைத்து, அதை மீறிய எவர்ட்டன் கோஷ்டிக்கு 2023-ல் 10 புள்ளிகளைக் குறைத்தார்கள். அப்பீலில் அது 6 ஆயிற்று.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், ‘பரி’ என்ற சிற்றூரின் கதையைக் கேளுங்கள். 1885-ல் பிறந்த கோஷ்டி. 1900-லும் 1903-லும் இங்கிலாந்தின் பெரிய கோப்பையை வென்றது. கடனைத் தீர்க்கவும் மேலே நடத்தவும் தன்னிடம் பணம் இருக்கிறது என்று காட்ட முடியாமற் போகவே, 2019 ஆகஸ்டில் அதை லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோயம்புத்தூரைப் பாருங்கள். 2019 மார்ச்சில் அங்கே சென்னை ஸிட்டி என்ற கோஷ்டி, பெரிய பெரிய பேர்களையெல்லாம் பின்னே தள்ளி ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஊரே கொண்டாடிற்று. 2021-22 பருவம் வந்தபோது, உரிமம் பெறுவதற்கான நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று அந்தக் கோஷ்டிக்குப் பந்தயத்தில் இடமில்லாமற் போயிற்று. பட்டம் வாங்கிய கோஷ்டிக்கு மூன்று வருஷ ஆயுள்கூட நிச்சயமில்லை!

பிறகு 2025 வந்தது. அதுவரை லீக்கை நடத்தி வந்தவர்கள் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தோடு 2010-ல் 15 வருஷத்துக்குச் செய்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிவதாக இருந்தது. மேலே என்ன என்பது தெரியாததால், ஜூலையிலேயே அடுத்த பருவத்தை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூர்க் கோஷ்டி சம்பளத்தை நிறுத்தி வைத்தது. நம் சென்னைக் கோஷ்டியும் தன் வேலைகளை நிறுத்தி வைத்தது. கடைசியில் 2026 பிப்ரவரியில்தான், கோஷ்டிக்கு 13 ஆட்டங்களே என்று சுருக்கி, பந்தயத்தை ஆரம்பித்தார்கள்.

அந்த ஆகஸ்டு மாதத்தில் நடந்ததை நாம் மறக்க முடியாது. நம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் படித்தான். தகப்பனார் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பையனுக்குக் கணக்கு வராது, பந்து வரும். ஜில்லாக் கோஷ்டிக்குத் தேர்வாகியிருந்தான். ஒரு நாள் அவன் தாயார் பள்ளிக்கூடத்துக்கு வந்து, நம் மேஜைக்கு எதிரில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சார், பெரிய ஆட்டக்காரங்களுக்கே சம்பளம் நின்னு போச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்காங்களாமே? இந்தப் பந்தை நம்பி ஒருத்தன் குடும்பம் நடத்த முடியுமா, சார்?” என்று கேட்டார்.

படிப்பையும் விடாமல் ஆட்டத்தையும் விடாமல் இருக்கட்டும் என்று ஏதோ பதில் சொன்னோம். உபாத்தியாயர்கள் சாதாரணமாகச் சொல்லும் பதில்தான். அது பதிலல்ல என்பது அந்த அம்மாளுக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது.

ஆகவே, மொட்டை மாடியில் நாம் சொன்ன தீர்ப்பு இதுதான்: வரம்பு வேண்டும், ஆனால் வரவைப் பார்த்து விதிக்கும் வரம்பாக வேண்டும். நட்சத்திர ஆட்டக்காரனை அழைத்து வருமுன், இருக்கிற ஆட்களின் சம்பளத்துக்கு ஒரு வருஷத்துப் பணத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளைத் தயார் செய்வதற்கு ஆகும் செலவை எந்த வரம்பிலும் சேர்க்கக் கூடாது. வியாசர்பாடித் தெருக்களில் ஆடி வளர்ந்த தனபால் கணேஷ், 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோல் போட்டபோது, ஸ்டேடியம் எழுப்பிய கோஷத்துக்கு விலை மதிக்க முடியுமா? நம் கோஷ்டியின் எதிர்காலம் அத்தகைய தெருக்களில் இருக்கிறது.

“அப்படியென்றால் அடுத்த பருவத்தில் நமக்கு எந்த இடம்?” என்று இளைஞர் விடாமல் கேட்டார்.

“கோஷ்டி இருந்தால் இடம் தானே வரும், தம்பி” என்றார் பெரியவர். சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு எத்தனை டிக்கெட் வாங்குவது என்று விசாரித்தார்.

மூன்று என்று சொன்னோம். மூன்றாவது நமக்கல்ல, பந்து வரும், கணக்கு வராத அந்தப் பையனுக்கு.