ஜெயித்தது யார்?

டீக்கடையில் ஆகட்டும், கல்யாணப் பந்தியில் ஆகட்டும், 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்துச் 'சிங்கார வேலனே' பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ரசிகர்கள் இரண்டு கட்சி. எஸ்.ஜானகியின் குரல்தான் ஜெயித்தது என்பது ஒன்று. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம்தான் என்பது மற்றொன்று. நான் இரண்டிலும் சேரமாட்டேன்.

எனக்குப் பள்ளிப் படிப்பு பிரெஞ்சில். எதைச் சொன்னாலும் வாத்தியார் 'பூர்க்குவா?' என்பார், 'ஏன்?' என்று பொருள். இவர்களிடம் அதைக் கேட்டால் பதில் வராது. நாகஸ்வரம் கோயில் வீதிக்கான வாத்தியம். ஒலிப்பதிவில் அதைக் குரலுக்குச் சமமாக அடக்கித்தான் வைக்க முடியும். இதில் வெற்றி தோல்வி எங்கே வந்தது? காருகுறிச்சியார் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் பரம்பரை அது. சில நிமிஷப் பாட்டை வைத்து அவரை அளப்பது, கைப்பிடி மண்ணை வைத்துக் கரிசல் காட்டையே மதிப்புப் போடுவது மாதிரி.

சரி, இவ்வளவு அபிமானம் உள்ளவர்கள் நம் வீட்டுக் கல்யாணத்தில் என்ன செய்கிறோம்? வாசலில் செண்டை மேளம், மேடையில் ஸ்பீக்கர். நாகஸ்வரக்காரர் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும். அவர் ஓர் ஆலாபனையைத் தொடங்கினால் 'போதும்' என்று கைகாட்டுகிறோம்.

1964-இல் மறைந்தவருக்குக் கோவில்பட்டியில் சிலை இருக்கிறது; நல்லது. இன்று வாசிக்கிறவருக்கு மரியாதை, அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து கேட்பதும், பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுப்பதும்தான். முதலில் அதைச் செய்வோம். ஜெயித்தது யார் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.